அப்பாவுக்கு மாலை போட்ட சனிக்கிழமை

மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயது நமக்கும் வந்துவிட்டது. அண்மையில் ஒரு பிறந்தநாள் விழாவில், சிட்னியில் டூங்கபி, வென்ட்வேர்த்வில் பக்கம் ஒன்றாக வளர்ந்த நாங்கள் நாலைந்து பேர் ஒரு மேசையில் அகப்பட்டுக்கொண்டோம். முழங்கால் வலி, கொலஸ்ட்ரோல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசி முடிந்தபின் ஒருத்தி கேட்டாள்: "நீ எப்பிடியடி இங்கிலீஷ் வாசிக்கப் பழகினனி?" ஸ்பானிஷில் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது பகிடி இல்லை. அன்று கேக் வந்துவிட்டதால் பாதியில் விட்ட கதையை இப்போது முழுதாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் பிளாட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். எங்களைக் கூப்பிட்ட மாமா வேலை கிடைத்து மெல்பேர்னுக்குப் போய்விட்டார். அப்பாவும் எங்களோடு வர இருந்தவர்தான். அவருடைய தகப்பனார் படுக்கையில் கிடந்தார். "நீங்கள் முதல்ல போங்கோ, நான் பின்னால வாறன்" என்று யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். நாங்கள் இங்கே வந்து இறங்கிக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்குவதற்குள் அங்கே சண்டை மறுபடி தொடங்கியது. பாதை பூட்டினார்கள். தபால் நின்றது. தகப்பனார் இறந்த செய்திகூட யார் வாய் வழியாகவோதான் எங்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அப்பா இருக்கிறாரா, இல்லையா? எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. அம்மா காலையில் வேலைக்குப் போகுமுன் கண்ணாடியின் முன் நின்று பொட்டு வைப்பார். முன்பு வைத்ததைவிடப் பெரிதாக வைப்பார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பொட்டு இருக்கும்வரை அப்பா இருக்கிறார் என்று என் கணக்கு.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வாசிப்பு வரவில்லை. எழுத்துத் தெரியும். ஆனால் கூட்டி வாசித்தால் வேறு ஏதோ சத்தம் வரும், வகுப்பு சிரிக்கும். ஆகவே வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது ஒழுங்காகக் கேட்கிறதா என்று விசாரித்தார். அம்மாவுக்கு அரைவாசிதான் விளங்கியது. நேரே டொக்டரிடம் கொண்டுபோய் என் காதைக் கழுவுவித்தார். காது பளிங்குபோல் ஆகிவிட்டது. வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையல் அறையில் வேலை. என்னை விட்டுப் போக இடம் இல்லாமல் லைப்ரரியில் விடுவார். உங்களிலும் பாதிப் பேரை உங்கள் அம்மாமார் அப்படித்தான் வளர்த்தார்கள், மறைக்க வேண்டாம். அந்த லைப்ரரியில் அந்த ஆண்டு வசந்தத்தில் லத்தீன் அமெரிக்கக் கதைச் சனிக்கிழமைகள் என்று தொடங்கினார்கள். சிறுவர் பகுதியின் பச்சைக் கம்பளத்தில் எங்களை இருத்திக் கதை வாசிப்பார்கள். பிறகு அந்தக் கதையையே படமாகக் கீறவும், முகமூடி செய்யவும், ஆடவும் விடுவார்கள். அதை நடத்தியது சிலி நாட்டுப் பெண் ஒருவர். எனக்கு அவர் சிலி அன்ரி.

சிலி அன்ரிக்கு முழங்கை மொத்தத்தில் ஒற்றைப் பின்னல். தோளில் கோடு போட்ட கம்பளி. மடியில் ஆட்டுத்தோல் போர்த்த ஒரு மேளம், தோலில் மயிர்கூட அப்படியே இருக்கும். கிட்டப் போனால் மழையில் நனைந்த ஆட்டின் மணம். ஒவ்வொரு பக்கத்தையும் அவர் முதலில் ஸ்பானிஷில்தான் வாசிப்பார். அந்த அறையில் முதல் தடவையாக வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி முடியாது.

பிறகு அதே பக்கத்தை இங்கிலீஷில் வாசிப்பார். சொல்லுக்கு ஒரு அடி மேளத்தில் விழும். நாங்களும் தொடையில் தட்டிக்கொண்டு கூடச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒன்றாகக் கத்தும்போது என் பிழை யாருக்குக் கேட்கப்போகிறது? கத்தினேன். இன்னொன்றும் இருந்தது. அந்த ஸ்பானிஷ் புத்தகங்களுக்குள் மேசை கிடந்தது, சப்பாத்து கிடந்தது, குசினி கிடந்தது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் எங்கள் வீட்டுச் சாமான்கள். எங்களிடம் வந்த போர்த்துக்கீசனும் அவர்களிடம் போன ஸ்பானியனும் சித்தப்பா, பெரியப்பா மக்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அன்று, இவர்களுக்கும் குசினி இருக்கிறது, ஆகவே நல்ல மனிதர்கள் என்று முடிவு செய்தேன்.

நல்ல மனிதர்கள்தான். எங்கள் பற்றிஸ் போல ஒரு பலகாரம் கொண்டு வருவார்கள், இரண்டு மடங்கு பெரியது. உள்ளே இறைச்சியும் அவித்த முட்டையும், கொட்டையோடு ஒரு ஒலிவ் பழமும் இருக்கும். அந்தக் கொட்டையில் எனக்கு ஒரு பால் பல் போனது.

"உள்ளுக்குள்ள மாடோ எண்டு கேட்டனியே?" என்பார் அம்மா.

கேட்கவில்லை. கேட்டால் சாப்பிட முடியாதே.

நடுவில் எனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்து ஒரு சனிக்கிழமை தவறியது. அன்றுதான் லைப்ரரி மிஸ் அடுத்த வாரத்துக்கு என்ன திட்டம் என்று விளக்கியிருக்கிறார். மிஸ் இந்த ஊர்ப் பெண், நாற்பது வயது இருக்கும், எங்கள்மேல் உயிர். மெக்சிக்கோவில் இறந்தவர்களை நினைத்து மேசையில் படமும் பூவும் விளக்கும் வைப்பார்களாம் என்று ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டார். பிள்ளைகள் படம் கொண்டுவந்து, அந்த ஆளைப் பற்றி எழுதி, எழுதியதை வாசிக்க வேண்டும். நல்ல யோசனை. எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அந்த மேசை செத்தவர்களுக்கு என்பது. எல் சல்வடோர் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன். ஆரை நினைத்தால் அழுகை வருமோ அவர்களுடைய படம் கொண்டு வா என்றாள். எனக்கு வேறு யார்?

ஆல்பத்தில் இருந்து அப்பாவின் படத்தைக் கழற்றிக்கொண்டு போனேன். ஸ்ரூடியோவில் இரவல் கோட் போட்டு எடுத்த படம். கைகள் கோட்டுக்குள் ஒளிந்து விரல் நுனி மட்டும் தெரியும்.

மேசை அழகாக இருந்தது. படிப்படியாகக் கட்டி, செம்மஞ்சள் துணி விரித்து, நெருப்பு வைக்கக் கூடாது என்பதால் பற்றரியில் எரிகிற குட்டி விளக்குகள். நாங்கள் கிரேப் கடதாசியில் செவ்வந்திப் பூச் செய்தோம். சாயம் இறங்கி விரல்கள் ஒரு கிழமைக்கு மஞ்சள் கறிக்குள் விட்டு எடுத்ததுபோல் இருந்தன. மற்றப் பிள்ளைகள் படத்தின் முன்னால் பூவை வைத்தார்கள். என் படத்தை மிஸ் வாங்கிப் பார்த்தார். அவர் ஒருமுறை இந்தியாவுக்குச் சுற்றுலாப் போய் வந்தவர். அங்கே கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு படங்களுக்கு மாலை போட்டிருந்ததாம், எவ்வளவு அன்பு என்றார். அங்கேயே உட்கார்ந்து ஊசி நூல் எடுத்துப் பூக்களைக் கோத்து, அப்பாவின் படத்துக்குத் தன் கையாலேயே மாலை போட்டார். என் தலையைத் தடவினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அப்பாவை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊரில் நான் பார்த்த மாலையெல்லாம் சாமிக்கும், பரிசளிப்பு விழாவில் அதிபருக்கும்தான். செத்தவீட்டுக்குச் சிறுபிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள் அல்லவா? சிலி அன்ரி நின்றிருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். அன்று அவருக்கு வேறு வேலை, வரவில்லை.

அன்றுதான் நான் வாசித்தேன். மேளம் இல்லை, மேசையில் விரலால் தட்டிக்கொண்டேன். இது என் அப்பா, சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓடுவார், மீனில் முள் எடுத்துத் தருவார், பாடத் தெரியாது ஆனால் பாடுவார். அவ்வளவுதான். ஒரு சொல்லும் தடக்கவில்லை. கைதட்டினார்கள். பின்னால் நின்ற தாய்மார் சிலர் அழுதார்கள். என் வாசிப்பு அவ்வளவு உருக்கமோ என்று மிதந்துகொண்டு நின்றேன்.

அழுதவர்களில் ஒருவர் டூங்கபி அன்ரி. நம்மில் எல்லோருக்கும் ஒரு டூங்கபி அன்ரி உண்டு. கலியாணம், காய்ச்சல், விசா எதுவானாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும், அடுத்த அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் தெரியும். மனம் மட்டும் வெல்லக்கட்டி. மகனின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மாலையையும் விளக்கையும் கண்டு அப்படியே நின்றுவிட்டார். என்னைக் கட்டிப்பிடித்தார். பவுடர் வாசம் மூச்சை அடைத்தது.

"அம்மா எங்க, பிள்ளை?"

"வேலைக்கு."

"வேலைக்கோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். "பெம்பிளை எண்டா இவள் பெம்பிளை. எப்பிடித் தாங்குறாளோ."

எனக்கு விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்த நாள் ஞாயிறு, மதியம். அம்மா தலை முழுகி, முடியை விரித்துவிட்டு, அந்தப் பெரிய பொட்டோடு கதவைத் திறந்தார். டூங்கபி அன்ரியும் வேறு இரண்டு அன்ரிமாரும் வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு சட்டி. சோறு, பருப்பு, கத்தரிக்காய். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது நம்முடைய வழக்கம். அதை அவர்கள் சிட்னியிலும் விடவில்லை. எனக்கு அந்த வழக்கம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா சட்டிகளைப் பார்த்தார். சேலைகளைப் பார்த்தார்.

"அவருக்கு என்ன?" என்றார்.

அன்ரி, "என்ர தங்கச்சி…" என்று அழத் தொடங்கினார்.

"சொல்லுங்கோ. அவருக்கு என்ன? ஆர் சொன்னது?" அம்மா கதவைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஆர் சொல்லுறது? நீங்கள்தானே லைப்ரரியில படம் வைச்சு, மாலை போட்டு, விளக்கும் வைச்சிருக்கிறியள்…"

"எந்த லைப்ரரி? ஆர் மாலை போட்டது?"

"மிஸ் போட்டவ," என்றேன் நான். "நல்ல வடிவா இருந்தது."

பருப்பில் இருந்து மட்டும் ஆவி போய்க்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். நான் முதல் நாளில் இருந்து தொடங்கி, கொப்புளிப்பானையும் விடாமல் சொன்னேன். அன்ரிமாருக்கு உயிர் வந்தது, ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. மூன்று வீட்டில் உலை வைத்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால் சும்மா வருவார்களா, என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தச் சோற்றை நிலைப்படி தாண்ட விடவில்லை. சட்டிகள் வந்தபடியே திரும்பின. எனக்கு நல்ல பசி.

அதுவரை கேட்காமல் வைத்திருந்த கேள்வியை யாரோ வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதுபோல ஆயிற்று. அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலையில் கண்ணாடியின் முன் நின்று பொட்டைச் சிறிதாக வைத்தார். நான் மிகவும் பயந்தேன்.

அன்று வேலைக்குப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போனார். மிஸ் இல்லை. சிலி அன்ரி ஏணியில் நின்று கடதாசித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் இங்கிலீஷும் நொண்டி, அவருடையதும் நொண்டி, நடுவில் நான். அப்பா சாகவில்லை, செய்தி இல்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். சிலி அன்ரி மளமளவென்று இறங்கி வந்து, மாலையைக் கழற்றி, படத்தை எடுத்துத் தன் கம்பளியில் துடைத்தார்.

"இந்த மேசை எங்கட வழக்கமே இல்லை," என்றார். நான் தமிழில் சொன்னேன். "இது மெக்சிக்கோக்காரருடையது. இங்க இருக்கிறவைக்கு நாங்கள் எல்லாரும் ஒண்டு. உங்களை எல்லாரையும் இந்தியன் எண்டுறேல்லையா, அப்பிடித்தான்."

பிறகு தன் சட்டையில் இருந்து ஒரு ஊசியைக் கழற்றினார். அப்பாவின் படத்தை அம்மாவின் கம்பளிச் சட்டையில், இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே குத்தினார். அவருடைய ஊரில் இராணுவம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால், போனவர்கள் வராவிட்டால், பெண்கள் இப்படித்தான் படத்தைக் குத்திக்கொண்டு தெருவில் நிற்பார்களாம். "மேசையில வைச்சா முடிஞ்சுது எண்டு அர்த்தம். இங்க வைச்சா, எங்க ஆள் எண்டு கேக்கிறம் எண்டு அர்த்தம்." அவரும் தன்னுடைய தம்பியின் படத்தை அப்படிக் குத்திக்கொண்டு நின்றவர்.

அம்மா என்னிடம் கேட்கவில்லை. நேரே அவரிடமே இங்கிலீஷில் கேட்டார், தம்பி வந்தாரா என்று. இல்லை என்று சிலி அன்ரி தலையாட்டினார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அந்தச் சின்னப் பிள்ளைக் கதிரைகளில் முழங்கால் மேலே வர உட்கார்ந்திருந்தார்கள். நான் புத்தகம் ஒன்றை எடுத்து, அவர்களுக்குக் கேட்காமல், தட்டித் தட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தோடுதான் அம்மா பஸ் ஏறினார், வேலைக்குப் போனார், கோயிலுக்கும் போனார். டூங்கபி அன்ரி வெட்கத்தில் ஒவ்வொரு மாலையும் வந்து எங்கள் குசினியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சனிக்கிழமையே கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் தன் தமையனுக்குப் போன் எடுத்து, செத்த செய்தியைச் சொல்லிவிட்டிருந்தார். இல்லை, பிழை என்று சொல்ல மறுபடி எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அப்படி ஒரு மாலைதான் போன் அடித்தது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். கரகரவென்று ஒரு இரைச்சல், அதற்குள் ஒரு கிழட்டுக் குரல், பிள்ளை, அம்மா நிக்கிறாவோ என்றது.

நடந்தது இதுதான். அப்பா பின்னாளில், நாங்கள் பிறகு குடிபோன டூங்கபி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டிச் சொல்லுவார். பாதை பூட்டிக் கிடந்தபோது அவர் தோணியில் களப்பைக் கடந்து வன்னிக்கு வந்திருக்கிறார். தோணி சரிந்து பை தண்ணீரோடு போய்விட்டது. விலாசமும் போன் நம்பரும் அந்தப் பைக்குள். வவுனியாவில் ஒரு சிநேகிதர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவரை மலேரியா கட்டிலில் போட்டது. மாதக் கணக்கில் கிடந்திருக்கிறார். ஒரு நாள் வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் வந்து, அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய சொந்தக்காரர் இங்கே யாராவது இருக்கிறார்களா, ஆள் மோசம் போய்விட்டாராம், சிட்னியில் மனைவிக்கு ஒரு போன் எடுத்து ஆறுதல் சொல்லச் சொன்னார்கள் என்று நம்பரை நீட்டினாராம். "எப்ப செத்தவராம்?" என்று போர்வைக்குள் இருந்து அப்பாதான் கேட்டாராம். மலேரியா அங்கேயே பறந்துவிட்டது என்பார், அதை மட்டும் நான் நம்புவதில்லை. காய்ச்சலோடேயே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போயிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போய்ச் சொன்னபோது சிலி அன்ரி லைப்ரரி என்றும் பாராமல் மேளத்தை எடுத்து அடித்தார். தன் தம்பி வராதவர் அப்படி அடித்தார். அது எவ்வளவு பெரிய மனம் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அம்மா ஆடினார். எங்கள் அம்மா, லைப்ரரியில், ஆடினார். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அந்தப் படமும் ஊசியும் வீடு மாறி மாறி எங்கோ போய்விட்டன.

அதையெல்லாம் விடுங்கள். போன் வந்த அந்த மாலைநேரத்துக்கு வருகிறேன். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவின் கையெல்லாம் தேங்காய்ப்பூ.

"ஆர்?"

"நான்தான்."

"நான்தான் எண்டா ஆர்?"

குரல் அப்பாவுடையதாக இல்லை. காய்ச்சல் அதைத் தின்றிருந்தது. ஆறுதல் சொல்ல வந்த யாரோ என்றுதான் நானும் நினைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒருமுறை ஏமாந்தது போதும் என்று முடிவெடுத்துவிட்ட முகம்.

"எங்கட கலியாணத்தண்டு, தாலி கட்டேக்க என்ன நடந்தது? சொல்லுங்கோ பாப்பம்."

டூங்கபி அன்ரி வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"தும்மினனான்," என்றது குரல்.

"எத்தினை தரம்?"

"மூண்டு. ரெண்டாவதோட ஐயர் என்ர கையில இருந்து தாலியைப் பறிச்சுப்போட்டார். உங்கட அண்ணர் என்னை அடிக்க வந்தவர்."

அம்மா போனின் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஓம்," என்றார். "இவர்தான்."

பிறகு கையை எடுத்துவிட்டு அவரை ஏசத் தொடங்கினார். வெள்ளவத்தையில் அப்பாவின் கைக்காசு முடிந்து லைன் அறும்வரை ஏசினார்.